கால் பங்கு

வேனுக்குள் நாங்கள் நால்வர்,
ஒரு பிடில், ஒரு அக்கார்டியன்,
ஸ்டெப்னிக்கு அடியில்
தொனாசியனின் மேப்பிள் பலகை.
நாற்காலியில் உட்கார்ந்து
அதன்மேல் இரண்டு காலாலும் தட்டுவான்.
எங்களிடம் டிரம் கிடையாது,
அவன் பூட்ஸ்தான் டிரம்.

கெபெக்கை விட்டுக் கிளம்பி ஒன்பது நாள்.
ஈரக் கம்பளி, வறுத்த உருளைக்கிழங்கு, பிடில் பிசின்:
மூன்றும் கலந்து மூக்கில் ஏறினால்
வீட்டுக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

மைனஸ் முப்பத்தொன்றில்
வேனில் எதையும் விட்டுவைக்க முடியாது.
மோட்டலில் ஹீட்டர் பக்கத்து இடம்
முதலில் பிடிலுக்கு
(ரொம்பப் பக்கத்திலும் கூடாது, பசை விட்டுவிடும்),
அடுத்தது கிஸ்லேனுக்கு.
நானும் ரெஜானும் தலைமாடு கால்மாடாக
ஒரு போர்வைக்கு விடியும்வரை இழுபறி.

ஓட்டுவது நான்.
மைக் கட்டுவது, சிடி விற்பது, கணக்கு எழுதுவதும்.
பெட்ரோல் போக மிஞ்சியதை நான்காக வகுத்து
ஆளுக்குக் கால் பங்கு.
சில இரவுகளில் கால் பங்கு என்றால்
ஒரு கிண்ணம் சூப், தொட்டுக்கொள்ள ரொட்டி.

நாள் முழுக்க இடது பக்கம் ஏரி.
ஏரியென்று வரைபடம்தான் சொல்கிறது,
கண்ணுக்கு அக்கரை இல்லை.

வாவா என்று ஒரு ஊர்.
எல்லையில் இறக்கை விரித்த இரும்பு வாத்து.
பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு
பெட்ரோல் பங்க் வாசலில்
கண்ணாடி மாதிரி பனிக்கட்டி விரித்திருந்தது.
தொனாசியனுக்கு இரண்டு கையிலும் காபி.
விழும்போதும் காபியைத்தான் காப்பாற்றினான்.

அரை மணியில் வலது கணுக்கால்
முள்ளங்கிக் கிழங்கின் நிறம்.
"முறியலை" என்றாள் கிஸ்லேன்.
முன்பு மாட்டு வைத்தியரிடம் வேலை பார்த்தவள்,
நாங்கள் நம்பினோம்.

மாரத்தான் ஊர் ஹாலில் நாற்பது நாற்காலி.
சுரங்க ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்கள்,
யாருக்கோ பிறந்தநாள், ஒரு நீலக் கேக்.
மைக்கைச் சரிசெய்துவிட்டு
மூன்றாவது மெட்டில் வேனுக்கு வந்தேன்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
பின்சீட்டில் அவன்,
காலின்மேல் பை நிறையப் பனி.

சுவர் வழியே கசிந்து வந்தது ரீல்.
அவனுடைய இடது கால்
தன்பாட்டுக்குத் தட்ட ஆரம்பித்தது.
வேன் லேசாக ஆடியது.
பிறகு நின்றது.

"கேட்டியா?"
கேட்டேன்.
"நான் இல்லாமல் வேகமாப் போறாங்க."

பொய் சொல்ல வாய் எழவில்லை.
நன்றாகத்தான் இருந்தது.
இருபத்திரண்டு வருஷம்
ரெஜானின் விரல்களைப் பின்னால் இழுத்துப் பிடித்தது எதுவென்று
எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.
அவனுக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.
பையில் பனி உருகியிருந்தது.
இறங்கிப் போய்ப்
புதிதாக அள்ளிக்கொண்டு வந்தேன்.
எனக்குத் தோன்றிய பதில் அவ்வளவுதான்.

"நீ இல்லாம நொண்டியடிச்சோம்"
என்றபடி ஏறினாள் கிஸ்லேன்.
கன்னமெல்லாம் வியர்வை,
உதட்டில் இன்னும் அடங்காத சிரிப்பு.
அவன் தலையாட்டினான்.

அன்றைய கால் பங்கு எண்பத்தேழு டாலர்.
அவன் தொடவில்லை. "உட்கார்ந்திருந்ததுக்கா?"
ரெஜான் தலையைத் தூக்காமலே சொன்னான்:
"மூணா வகுத்தா சில்லறைத் தொல்லை."
எல்லோரும் தூங்கியபின்
கால் நுழையாத அந்த வலது பூட்ஸுக்குள்
பணத்தைத் திணித்து வைத்தேன்.

தண்டர் பே தாண்டி, வீக்கம் வடிந்து,
பூட்ஸுக்குள் காலை விட்டவன் துழாவி எடுத்தான்.
நசுங்கிய நோட்டுகளை
டாஷ்போர்டில் வரிசையாகப் பரப்பினான்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கெனோராவில் வைப்பர் உடைந்தது.
அந்தப் பணத்தில்தான் புதிது போட்டோம்.
பனி கொட்டக் கொட்ட அது
டக் டக்கென்று வழித்துத் தள்ளியது.
"வேகம் ஜாஸ்தி" என்றான் தொனாசியன்.